நிக்கல் டேங்குக்கு லீவு கிடையாது

கம்பெனிக்கு லீவு விட்டால் அதில் வேலை செய்கிற எல்லாருக்கும் லீவு என்று நம்புகிறவர்கள் பாக்கியவான்கள். என் கணவர், என் மாமியார், எதிர்வீட்டு அக்கா, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முகம் பழகிப்போன கண்டக்டர் என்று அந்தப் பாக்கியவான்கள் என்னைச் சுற்றி நிறையவே இருக்கிறார்கள். "மூடிக்கினு கீற கம்பெனிக்குப் போய் இன்னாம்மா பண்ணுவே?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது, "தண்ணியைப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன்க்கா" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே சுத்தமான உண்மை அதுதான்.

திருப்பதிக்கு வெளியே, ரேணிகுண்டா போகிற பக்கம், ஒரு பிளேட்டிங் கம்பெனியில் நான் கெமிஸ்ட். பித்தளைக் குழாய், கதவுக் கைப்பிடி, குளியலறையில் டவல் மாட்டுகிற கம்பி இவற்றுக்கெல்லாம் நிக்கல் பூசி, அதன்மேல் குரோம் பூசி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி அனுப்புவது எங்கள் தொழில். உண்மையில் பூசுவது நாங்கள் இல்லை, டேங்கில் இருக்கிற கரைசல். அதை பாத் என்போம். நிக்கல் பாத் நல்ல பச்சை நிறத்தில், பார்க்கச் சாதுவாக இருக்கும். குணத்தில் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை. எப்போதும் சூடாக வைத்திருக்க வேண்டும், தனியாக விடக்கூடாது, ஒரு தூசி பட்டாலும் கோபித்துக்கொள்ளும், ஏன் கோபித்தது என்று வாயைத் திறந்து சொல்லாது.

உற்பத்தி ஓடுகிறபோது இந்த மாப்பிள்ளையைச் சமாளிப்பது சுலபம். கம்பெனி மூடினால்தான் தொல்லை. சூடு இறங்கினால் அதிலுள்ள போரிக் ஆசிட் அடியில் கல்கண்டு மாதிரி உறைந்து குழாயை அடைக்கும். ஃபில்டர் பம்ப் நின்றால் குப்பை தங்கும். ஆவியாகிப் போகிற தண்ணீருக்குப் பதில் சுத்திகரித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஊற்றினால் பாத்தும் கறை பிடித்த எங்கள் வீட்டுப் பல்லும் ஒரே கதிக்கு வந்துவிடும். பக்கத்திலிருக்கிற ஜிங்க் டேங்க் இதற்கு நேர் எதிர். கரண்டே இல்லாவிட்டாலும் தொங்கவிட்ட துத்தநாகக் கட்டிகள் அதில் கரைந்துகொண்டே இருக்கும், அதனால் எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு வரக்கூடாது, இன்னொன்றில் எதையும் விட்டுவைக்கக்கூடாது. இரண்டு மருமகள்கள் உள்ள வீட்டில்கூட இவ்வளவு நெளிவு சுளிவு தேவைப்படாது.

அந்த வருஷம் ஆர்டர் குறைந்துவிட்டது. ஆர்டர் குறைந்தால் எங்கள் முதலாளிக்குப் பக்தி கூடும். ஆயுத பூஜையன்று மூடி, தீபாவளி கழித்துத்தான் திறப்பது என்று முடிவு செய்து, அதற்கு 'ஃபெஸ்டிவல் லீவு' என்று பெயரும் வைத்தார். திறக்கிற அன்று காலையில் பெங்களூரிலிருந்து ஒரு குழாய்க் கம்பெனியின் ஆள் வந்து நாங்கள் பூசிக் காட்டும் முதல் லாட்டைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வருஷம் முழுவதும் வேலை. பிடிக்காவிட்டால் நிக்கல் லைனையே எடுத்துவிடுவது. இதை முதலாளி என்னிடம் பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார். "ஃபெயில் ஆச்சுன்னா நீயும் வேற எடம் பாத்துக்கோம்மா" என்று அவர் சொன்ன தொனியில் அத்தனை அன்பு இருந்தது, நன்றி சொல்லிவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

ஆயுத பூஜை எங்கள் கம்பெனியில் தடபுடலாக நடக்கும். டேங்குகளுக்குக் கரண்ட் கொடுக்கிற ரெக்டிஃபையருக்கு மாலை, வேனின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், என் லேபில் இருக்கிற கண்ணாடிக் குடுவைக்குக்கூடச் சந்தனம் குங்குமம். முதலாளியின் மனைவி தட்டு நிறைய உதிரிப்பூவோடு நிக்கல் டேங்கை நோக்கி வந்தார். அவர் கண்ணில் அது பச்சையாக ஒரு புஷ்கரிணி, பூப்போடுவது புண்ணியம். நான் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தேன். "வெளியே எவ்ளோ வேணும்னாலும் பூசுங்க மேடம், உள்ளே மட்டும் ஒண்ணும் விழக்கூடாது" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று அவர் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

பூஜை முடிந்ததும் முதலாளி மெயின் ஸ்விட்ச்சை அணைக்கப் போனார். பூஜை போட்ட ஆயுதத்தை மறுபடி நல்ல நேரம் பார்த்து எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது. வீட்டில் அரிவாள்மணைக்கு ஒரு நாள், பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஒரு நாள். எங்கள் முதலாளி கணக்கில் தீபாவளி வரைக்கும்.

"ரெஸ்ட் இவ்வாலம்மா, ரெஸ்ட் குடுக்கணும்! மெஷினுக்கும் உசிரு இருக்கு" என்றார் பாதித் தெலுங்கில்.

"உசிரு இருக்கறதாலதான் சார் சொல்றேன். உசிரு இருக்கறதைப் பட்டினி போட்டு, கரண்டைப் புடுங்கிட்டு, கதவைப் பூட்டினு போவீங்களா?"

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட புரோகிதருக்கு அன்றைக்கு இன்னும் பல கம்பெனிகள் பாக்கி. அவர் ஹீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ஹீட்டர் என்பது அக்னி, அக்னியை அணைக்காமல் வைத்திருப்பது விசேஷம், அகண்ட தீபம் மாதிரி என்று தீர்ப்புச் சொன்னார். பம்புக்கும் அதே தீர்ப்பில் இடம் வாங்கிக்கொண்டேன். என் படிப்பு சாதிக்காததை அந்த ஒரு வாக்கியம் சாதித்தது. தீபம் என்று ஆகிவிட்டால் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே! அது யார் என்று யாரும் விவாதிக்கவில்லை.

அப்படித்தான் ஊரே லீவில் இருக்க, நான் தினமும் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு பெண்களுக்கு உட்கார இடமும் இல்லை என்று ஆகியிருந்தது. பூதலப்பட்டு தாண்டுகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பாகாலாவில் யாராவது இறங்கினால் உட்கார்ந்து போவேன். என் கணவர் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மாம்பழ சீசனில் மட்டும் அவருக்கு வேலை, மற்ற மாதங்களில் வீட்டில் சோபா. அவருடைய கம்பெனி மூடினால் யாரும் போய் மாம்பழத்துக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் எதற்குப் போகிறேன் என்பது அவருக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. ஆனால் சோபா மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில் என்பது விளங்கியிருந்தது.

கம்பெனியில் என்னோடு இருந்த ஒரே மனிதர் வாட்ச்மேன். கம்பெனியை மூடிய அன்று ஒரு ஏஜென்சி அனுப்பிவைத்தவர், புத்தூர் பக்கத்துத் தமிழர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கேட்டைத் திறந்துவிட்டு என் பின்னாலேயே வருவார். நான் மூடியைத் தூக்கி டேங்கை எட்டிப் பார்ப்பேன், ஒழுகுகிறதா என்று சுற்றி வருவேன், தண்ணீர் ஊற்றுவேன், கொஞ்சம் கரைசலை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போவேன். இவ்வளவையும் அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஒருநாள் கேட்டார்.

"இன்னாத்துக்கு மேடம் டெய்லி வந்து இத்தப் பாத்துக்கினு கீறீங்க?"

அன்றைக்கு பஸ்ஸில் திருப்பதி வரைக்கும் நின்றுகொண்டே வந்திருந்தேன். "இவங்க யாருன்னு நெனச்சீங்க அண்ணா? நிக்கலம்மா! கவனிச்சா கேட்டதெல்லாம் குடுப்பாங்க. கோவம் வந்தா கம்பெனியையே முழுங்கிடுவாங்க. நான்தான் பூசாரி, தட்டுல காசு விழாத பூசாரி" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சரி, இவரும் நம்மோடு சேர்ந்து விளையாடுகிறார் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாளிலிருந்து செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஆசிட் சிந்துகிற இடம், வெறுங்காலோடு வரக்கூடாது என்று கத்தினேன். "அம்மா முன்னாடி செருப்போட எப்டி மேடம்?" என்றார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உலகத்தில் சிலரிடம் கிண்டல் செல்லுபடியாகாது, செல்லாத நோட்டைப் போல அதைப் பத்திரமாக வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்கள்.

தீபாவளி நெருங்கும்போது ஒரு பகலில் என் கணவர் போன் செய்தார். சித்தூரில் பிளஸ் டூ நடத்துகிற ஒரு ஜூனியர் காலேஜில் கெமிஸ்ட்ரிக்கு ஆள் கேட்கிறார்களாம், தெரிந்தவர் மூலமாகப் பேசி வைத்திருக்கிறாராம். "கம்பெனி எப்டியும் மூடப் போறாங்க. கைக்கு வர்றத விட்டுட்டு அந்தப் பச்சத் தண்ணியக் கட்டிக்கினு அழுவியா?" என்றார். அப்படிப்பட்ட காலேஜில் நான் முன்பே இருந்திருக்கிறேன். விடிவதற்கு முன் பிள்ளைகளை எழுப்பி, பரீட்சைக்கு வருகிற கேள்விகளை மட்டும் ஒப்பிக்க வைத்து, ஒருவன் "ஏன் மிஸ்?" என்று கேட்டால் நேரமில்லை என்று அடக்கி உட்கார வைப்பதுதான் அங்கே வேதியியல். எனக்குத் தெரிந்த வேதியியலை நான் தொட்டுப் பார்க்கிற ஒரே இடம் இந்த டேங்க். அதை அவருக்குச் சொல்லத் தெரியாமல், "இது போச்சுன்னா என்னைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய்த் தள்ளிடுவீங்க, எனக்குத் தெரியும்" என்று டேங்க் ஓரத்தில் நின்று அழுதேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாட்ச்மேன் கதவருகில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். டீயைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நாலைந்து நாள் கழித்து ஒரு சோதனை செய்தேன். சின்னப் பெட்டி ஒன்றில் பாத் கரைசலை ஊற்றி, ஒரு பித்தளைத் தகட்டுக்கு அதில் முலாம் பூசிப் பார்ப்பது. தகடு ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பளிச்சென்று வர வேண்டும். வந்ததோ ஒரு பக்கம் கறுத்து, மேலெல்லாம் பனி படர்ந்த மாதிரி மங்கி. கறுப்பு என்றால் செம்பு எங்கிருந்தோ கலந்திருக்கிறது, மங்கல் என்றால் ஏதோ சாயமோ எண்ணெயோ. டேங்குக்கு மேலே ஓடுகிற செம்புக் கம்பிகளைத் துடைத்தேன். ஏதாவது பித்தளைக் குழாய் உள்ளே விழுந்து கிடக்கிறதா என்று கொக்கி விட்டுத் துழாவினேன், ஒன்றும் சிக்கவில்லை. முதலாளிக்கு போன் செய்தால், ரெஸ்ட் எடுக்கிறதைப் போய் நோண்டினால் இப்படித்தான் என்பார். செய்யவில்லை.

வேறு வழியில்லாமல் கரைசல் முழுவதையும் பக்கத்திலிருந்த ஒரு காலி டேங்குக்கு மாற்றினோம். நான் பம்பைப் பார்த்துக்கொள்ள, வாட்ச்மேன் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டார். மட்டம் இறங்க இறங்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அம்மாவ இப்டிக் காலி பண்ணலாமா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். கடைசியில் அடித்தரையில், உள்ளே தொங்குகிற நிக்கல் கட்டிகளுக்கு நேர் கீழே, என் கொக்கி எட்டாத இடத்தில், ஒரு சின்ன மூட்டை தெரிந்தது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்த துணி.

"அத்த எடுக்காதீங்க மேடம். முடுப்பு."

திருப்பதியில் இருக்கிறவர்களுக்கு முடுப்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளில் நனைத்த துணியில் காசை முடிந்து, காரியம் நடந்தால் செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டு சாமிக்கு முன்னால் வைப்பது. பிரித்தேன். ஒரு நாணயம், அதோடு அடிவாரத்துக் கடைகளில் விற்கிற யந்திரத் தகடு. காகிதம் மாதிரி மெல்லிய செம்புத் தகடு, ஓரமெல்லாம் கரைந்து, கட்டமும் எழுத்தும் இருந்த இடம் தெரியவில்லை. கண்ணேறு கழிக்கிற மந்திரத்தை முழுவதுமாக என் பாத் குடித்திருந்தது. செம்பு தகட்டிலிருந்து, சாயம் மஞ்சளிலிருந்து. நிக்கல் பாத்தைக் கெடுக்க ஒரு நிபுணர் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகப் பொட்டலம் கட்டியிருக்க முடியாது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்காது. முதலாளி மனைவியின் பூத்தட்டை அத்தனை பேர் முன்னால் தடுத்தவள், கதவருகில் டீயோடு நின்ற ஆளைக் கோட்டை விட்டுவிட்டேனே என்கிற ஆத்திரமும் அதில் சேர்ந்துகொண்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு போன்ல அயுதீங்களே மேடம். ஒங்க வேல நெலைக்கணும்னுதான் போட்டேன். நீங்கதானே சொன்னீங்க, கவனிச்சா கேட்டதெல்லாம் குடுப்பாங்கன்னு."

என் வேலை நிலைக்க வேண்டும் என்று என் வீட்டில்கூட யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. கோபம் போகவில்லை, ஆனால் அதை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது. "ஓரமா கரி மூட்டை இருக்கு பாருங்க, அதைத் தூக்கிட்டு வாங்கண்ணா" என்றேன்.

அது கார்பன் தூள். சாயத்தையும் எண்ணெயையும் அது இழுத்துக்கொள்ளும். அவர் மாய்ந்து மாய்ந்து கலக்கினார், முழங்கை வரைக்கும் கறுப்பு. தெளிந்ததை வடிகட்டி மறுபடி பழைய டேங்குக்குக் கொண்டுவந்தோம். செம்பை எடுக்கத்தான் பொறுமை வேண்டும். மடிப்பு மடிப்பாக வளைத்த இரும்புத் தகட்டை உள்ளே தொங்கவிட்டு, மிகக் குறைந்த கரண்டை விட்டால், கலந்திருக்கிற செம்பு மெதுவாக அதில் போய் ஒட்டும். நாள் கணக்கில் ஓட வேண்டும். அதற்கு ரெக்டிஃபையரைப் போட வேண்டும், மாலை போட்டு உறங்கவைத்த ரெக்டிஃபையரை. அதைப் பற்றிப் புரோகிதர் எதுவும் சொல்லியிருக்கவில்லை, நானும் போன் செய்து கேட்கவில்லை. மாலையை நகர்த்தி வைத்துவிட்டு ஸ்விட்ச்சைப் போட்டேன்.

தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடு வந்து தகட்டை மாற்றிவிட்டுப் போனேன். வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை, அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. கம்பெனி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு எடுத்த சோதனைத் தகடு ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் வெள்ளையாகப் பளிச்சென்று வந்தது. வாட்ச்மேனிடம் காட்டினேன். அவர் தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன், அதில் ஆசிட்.

திறந்த அன்று பெங்களூர் ஆள் வந்தார். எங்கள் குழாய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றை அரம் போட்டுத் தேய்த்தார், ஒன்றை அறுத்தார், மூலைமுடுக்கெல்லாம் டார்ச் அடித்தார். கடைசியில், சரி, வண்டி அனுப்புகிறேன் என்றார். முதலாளி என் பக்கம் திரும்பி, "சூஸாவா, பாத்தியா? ரெஸ்ட்!" என்றார். அவர் மனைவி, வாசலில் உடைத்த பூசணிக்காய் பெரியதாக இருந்ததை நினைவுபடுத்தினார். பெங்களூர் ஆள், நாங்கள் எந்தக் கம்பெனியின் கெமிக்கல் போடுகிறோம் என்று விசாரித்து, அந்தக் கெமிக்கலைப் பாராட்டினார். பாராட்டப்படாமல் மிச்சமிருந்தது நானும் அந்த இரும்புத் தகடும்தான். கார்பன் மூட்டை எப்படிக் காலியானது என்று முதலாளி கேட்டதற்கு, "பழைய ஃபில்டர் துணி கிழிஞ்சிடுச்சு சார்" என்று கூசாமல் சொன்னேன். வேலை நிலைத்துவிட்டது, அது போதும் எனக்கு. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. விஷயத்தைச் சொல்ல கேட்டுக்கு ஓடினேன்.

கேட்டில் வாட்ச்மேன் புது மொட்டையோடு, சந்தனம் தடவிக்கொண்டு நின்றார். காலடியில் ஒரு பை.

"பாஸ் ஆயிடுச்சு அண்ணா!" என்றேன். பிறகுதான் மொட்டை மனதில் பட்டது. "இது எப்போ?"

"நேத்தே மலைக்குப் போய் குட்த்துட்டு வந்துட்டேன் மேடம். ஒங்க வேல நெலச்சா மொட்டன்னு வேண்டிக்கினு இருந்தேன்."

"இப்பதானே பாஸ் ஆச்சு? நேத்து எப்படித் தெரியும்?"

"நீங்கதான் அத்தினி நாளும் பாத்துக்கினு இருந்தீங்களே மேடம். ஆவாம எங்க போயிடும்?"

அந்தக் கம்பெனியில் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். பேச்சை மாற்ற, பை எதற்கு என்று கேட்டேன்.

"கம்பெனி தொறந்துட்டாங்களே மேடம். மூடி இருக்கற வரைக்கும்தான் எனக்கு இங்க டூட்டி. ஏஜென்சில வேற எடம் இன்னும் சொல்லல. கூப்புடறோம்னாங்க."

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மூடிய கம்பெனிக்கு வந்த வாட்ச்மேன், திறந்த கம்பெனியில் எப்படி இருப்பார்? ஆனால் அத்தனை நாளும் ஒரு டேங்கைத் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

"என் வேலைக்கு வேண்டிக்கிட்டீங்க. உங்க வேலைக்கும் சேத்து வேண்டிக்கிறதுதானே அண்ணா?"

"கம்பெனி தொறக்கணும்னு வேண்டிக்கினு, தொறக்கக்கூடாதுன்னும் எப்டி மேடம் வேண்டிக்கறது?"

கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.